புத்தொழில்

புத்தொழில் (பெயர்ச்சொல்): புதிய பொருளையோ சேவையையோ உருவாக்கி, விரைவாக விரிவடையும் நோக்குடன் தொடங்கப்படும் இளம் நிறுவனம். புதுமை, தொழில் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. ‘ஸ்டார்ட்அப்’ என்பதற்கு இணையாகத் தமிழ்நாடு அரசு இதை ஆள்கிறது; ‘தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம்’ என்ற பெயரில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. ‘துளிர் நிறுவனம்’ என்ற வழக்கும் உண்டு.

எல்லாச் சிறுதொழிலும் புத்தொழில் ஆகாது. தெருமுனையில் புதிதாகத் திறக்கும் மளிகைக்கடை சிறுதொழில் மட்டுமே. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, பதிவாகி 10 ஆண்டுகளுக்கு உட்பட்டதும், எந்த நிதியாண்டிலும் விற்றுமுதல் 100 கோடி ரூபாயைத் தாண்டாததும், புதுமையை நோக்கமாகக் கொண்டதுமான நிறுவனத்தையே இவ்வகையில் சேர்த்தது.

பணியாளர் வழக்கில் இச்சொல்லுக்கு வேறு சாயலும் உண்டு. ‘புத்தொழிலில் வேலை’ என்றால் ஒருவரே பல பொறுப்புகளைச் சுமப்பது என்று பொருள்: காலையில் நிரல் எழுதியவர், மதியம் வாடிக்கையாளரின் புகார் அழைப்பை எடுப்பார், மாலையில் புதிதாகச் சேர வருபவரை நேர்காணல் செய்வார். கற்றல் அதிகம், பணிப் பாதுகாப்பு குறைவு. கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தாங்கும் என்பதே நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

சம்பளக் குறைவை ஈடுகட்டப் பங்குரிமை வழங்குவதும் உண்டு. இந்திய நிறுவன விதிகளின்படி, அது வழங்கப்பட்டு ஓராண்டாவது கழிந்த பின்னரே பணியாளருக்கு உரித்தாகும்.