குளத்தில் இறங்கிய உரிமை



மனித உரிமையின் கதையைப் பலரும் 1948 டிசம்பர் 10இல், பாரிஸில் ஐ.நா. பேரவை பிரகடனத்தை ஏற்ற நாளிலிருந்து தொடங்குவார்கள். நாம் 1927 மார்ச் 20இலிருந்து, மகாராஷ்டிரத்தின் மகாத் ஊர்க் குளத்தங்கரையிலிருந்து தொடங்குவோம்.

அன்று அம்பேத்கரின் பின்னே ஊர்வலமாகச் சென்ற நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அந்த உரிமை ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. 1924இல் மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. தீர்மானம் ஏட்டில் கிடந்தது. குளம் சாதி இந்துக்கள் கையில் இருந்தது.

குடித்தவர்கள் அன்றே தாக்கப்பட்டார்கள். சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். நகராட்சி அதே ஆண்டில் தன் தீர்மானத்தை ரத்து செய்தது. டிசம்பரில் மீண்டும் திரண்டபோது நீதிமன்றத் தடை குறுக்கே நின்றது. டிசம்பர் 25இல் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. நம்மை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்று எதிர்த்தரப்பால் நிறுவ முடியவில்லை எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 1937. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு!

மகாத் மாநாட்டை 1789இன் பிரெஞ்சு தேசியப் பேரவையோடு அம்பேத்கர் ஒப்பிட்டார். தாகத்தோடு சேர்த்து, சமத்துவத்தையும் அங்கே முன்வைத்ததால்தான் அப்படி ஒப்பிட முடிந்தது.

பிறகு ஏடுகள் பெருகின. 1948 நவம்பர் 29இல் நம் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. பதினோரு நாளில் பாரிஸ் பிரகடனம் வந்தது. 2010இல் குடிநீரும் மனித உரிமை என்று ஐ.நா. பேரவை அறிவித்தது.

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. 2025 ஜனவரியில், அவ்வூர்த் தலித்துகள் மூவர் மீதே காவல்துறை குற்றம் சாட்டியது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை.

‘எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறதே, இன்னும் எதற்கு மனித உரிமை?’ என்று மாணவர்களிடம் கேட்கிறார்கள். 1924இலும் தீர்மானம் இருந்தது என்று சொல்லுங்கள். நம் மக்கள் இறங்கிக் குடிக்கும்வரை அது வெறும் காகிதம்தான். இன்று ஊருக்குத் திரும்பியதும் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்: சேரிக்கும் ஊருக்கும் ஒரே தொட்டியா, இரண்டா? நம் அடுத்த வேலை அங்கிருந்து தொடங்குகிறது.