சின்ன அறைக் கச்சேரி பிறந்த கதை

1926-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். நியூயார்க்கில் வாசல் பூட்டிய விடுதிகளுக்குள்ளே சாராயமும் ஜாஸ் இசையும் விடிய விடிய ஓடின. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் கைகோத்து ஆடுவது நகரத்துப் பெரிய மனிதர்கள் பலருக்கு உறுத்தியது. அந்த ஆண்டுதான் ‘கேபரே சட்டம்’ வந்தது. உணவோ பானமோ விற்கிற இடத்தில் பாட்டும் நடனமும் நடக்க வேண்டுமானால் நகர நிர்வாகத்திடம் உரிமம் வாங்க வேண்டும் என்றது அது. பின்னால் ஒரு சலுகை கொடுத்தார்கள். உரிமம் இல்லாத இடத்திலும் மூன்று பேர் வரை வாசிக்கலாம். ஆனால் பியானோ, கிதார் போன்றவை மட்டுமே. ஊதும் கருவி கூடாது, அடிக்கும் கருவியும் கூடாது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் டிரம்ஸும்தான் ஜாஸின் உயிர். அந்த உயிரையே குறிவைத்த சட்டத்தோடு நகரம் நிற்கவில்லை. 1940-இல் காவல் துறை ஒரு சின்ன அட்டையை நீட்டியது.

அதுதான் கேபரே அட்டை. மது விற்கும் விடுதியில் வாசிக்க வேண்டுமென்றால் கலைஞர் காவல் நிலையத்துக்குப் போய்க் கைரேகை பதித்து அட்டை வாங்க வேண்டும். வழக்கு ஏதாவது இருந்தால் அட்டை பறிபோகும். பாடகி பில்லி ஹாலிடே 1947-இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றார். மறு ஆண்டு விடுதலையாகி வந்து கார்னகி ஹாலில் பாடியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய மதுவிடுதியில் பாட அவருக்கு அனுமதி இல்லை. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் 1951-இல் அட்டையை இழந்தார். ஆறு ஆண்டுகள் சொந்த ஊரின் விடுதிகளில் வாசிக்க முடியாமல் கிடந்தார். 1957-இல் அட்டை திரும்பக் கிடைத்ததும் அவர் போய் உட்கார்ந்த இடம், குடிகாரர்களுக்குப் பேர்போன பவரி பகுதியில் இருந்த ஒரு சாதாரணக் கடை.

ஃபைவ் ஸ்பாட் என்ற அந்த மதுக்கடையை டெர்மினி சகோதரர்கள் நடத்திவந்தார்கள். அக்கம்பக்கத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த ஓவியர்கள்தான் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய விருப்பத்துக்காக 1956-இல் செசில் டெய்லர் என்ற இளைஞரைப் பியானோவில் உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டு மங்க் வந்தார். சாக்ஸபோனுடன் ஜான் கோல்ட்ரேன் பக்கத்தில் நின்றார். 1959 நவம்பர் 17 அன்று ஆர்னெட் கோல்மன் வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸபோன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தச் சிறிய மேடையில் ஏறினார். பியானோ இல்லை. முன்கூட்டி வகுத்த சுரக்கட்டுக்குள் மட்டும் சுற்றிவரும் பழைய முறையும் இல்லை. கணத்துக்குக் கணம் மனோதர்மத்தில் விரியும் இசை. பாதிப் பேர் மேதை என்றார்கள், மீதிப் பேர் ஏமாற்று வேலை என்றார்கள். இரண்டு வாரத்துக்குப் பேசிய கச்சேரி பத்து வாரம் ஓடியது. கூட்டம் சேர்ந்தும் மதுக்கடையின் கணக்கு மாறவில்லை. அங்கே இசை என்பது கோப்பைகளை விற்பதற்கான துணைச் சரக்குதான். இசைக்கு மட்டுமே ஓர் அறை கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

மன்ஹாட்டனின் தென்பகுதியில் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ‘லாஃப்ட்’ எனப்படும் அகன்ற மாடிக் கூடங்கள் சொற்ப வாடகைக்குக் கிடைத்தன. அவற்றில் குடியிருப்பது சட்டப்படி தப்பு. கலைஞர்கள் அதைப் பொருட்படுத்தாமல் குடியேறினார்கள். 1960 இறுதியில் 112, சேம்பர்ஸ் தெருவில் அப்படியொரு மாடியை ஜப்பானியப் பெண் ஒருவர் வாடகைக்குப் பிடித்தார். குழாயில் வெந்நீர் வராது. வாடகை மாதம் 50 டாலர் அளவில். இசையமைப்பாளர் லா மாண்டே யங்குடன் சேர்ந்து டிசம்பரில் அங்கே கச்சேரித் தொடர் ஒன்றைத் தொடங்கினார். நாற்காலிகள் வாங்கப் பணமில்லை. ஆரஞ்சுப் பழம் வந்த மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார்கள். அந்தப் பெட்டிகளின் மேல் வந்து உட்கார்ந்தவர்களில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஓவியர் மார்செல் டுஷாம்பும் உண்டு. மதுக்கடை இல்லை, மேடை இல்லை, மேலாளர் இல்லை. நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தை ஓர் அறை முழுவதும் மௌனமாகக் கேட்டது. அந்தப் பெண்ணின் பெயர் யோகோ ஓனோ. 1961 நடுவில் தொடர் முடிந்தது. ஒரு மாடியே அரங்கமாக முடியும் என்று அது காட்டிவிட்டது. ஆனால் ஜாஸ்காரர்கள் அந்த மாடிப்படியை ஏறுவதற்கு முன் இன்னும் பல கதவுகள் அவர்கள் முகத்தில் சாத்தப்பட வேண்டியிருந்தது.

கூலி போதவில்லை என்று சலித்த கோல்மன் 1962 டிசம்பரில் டவுன் ஹால் அரங்கைத் தானே வாடகைக்கு எடுத்துக் கச்சேரி செய்தார். பிறகு சுமார் இரண்டு ஆண்டுகள் அவர் பொதுமேடையே ஏறவில்லை. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் கால்வைத்தார்கள். இளைஞர் கூட்டம் ராக் பக்கம் திரும்பியது. ஜாஸ் விடுதிகள் மூடத் தொடங்கின. பெயர்பெற்றவர்களுக்கே வாய்ப்பு குறைந்தபோது புதிய இசைக்காரர்களை யார் கூப்பிடுவார்கள்? யாரும் கூப்பிடப் போவதில்லை என்பதை ஒரு டிரம்பெட் கலைஞர் தெளிவாகப் புரிந்துகொண்டார்.

பில் டிக்சன் ஒருகாலத்தில் ஐக்கிய நாடுகள் சபை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். காரியத்தைத் திட்டமிட்டு நடத்தத் தெரிந்தவர். 91-ஆவது மேற்குத் தெருவில் செல்லார் கஃபே என்ற சின்னக் காப்பிக் கடையை அவர் பிடித்தார். 1964 அக்டோபர் 1 முதல் 4 வரை நான்கு நாள் விழா; ‘ஜாஸில் அக்டோபர் புரட்சி’ என்று பெயர். சன் ரா, பால் பிளே, மில்ஃபர்ட் கிரேவ்ஸ் என்று விடுதிகள் சேர்க்காத பலர் வந்தார்கள். மாலையிலிருந்து நள்ளிரவு வரை வாசிப்பு. அதற்குப் பிறகு கலைஞர்களும் ரசிகர்களும் உட்கார்ந்து விவாதம். விளம்பரத்துக்குக் காசில்லாத அந்த விழாவுக்கு வந்த கூட்டம் கடைக்குள் அடங்காமல் நடைபாதை வரை நின்றது. கேட்க ஆள் இல்லை என்று விடுதிக்காரர்கள் சொன்னது பொய் என்று நான்கே நாளில் தெரிந்துபோனது. அந்த வேகத்தில் டிக்சன் ‘ஜாஸ் கம்போசர்ஸ் கில்டு’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். தனித்தனியாக யாரும் பேரம் பேசக்கூடாது, எல்லாரும் சேர்ந்தே பேச வேண்டும் என்பது அதன் கொள்கை. ஓராண்டுக்குள் சங்கம் பிளந்தது.

சங்கம் உடைந்தாலும் அந்த எண்ணம் மற்ற ஊர்களிலும் முளைத்தது. 1965-இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் பியானோ கலைஞர் முஹல் ரிச்சர்ட் ஆப்ராம்ஸும் நண்பர்களும் ஏ.ஏ.சி.எம். என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உறுப்பினர் சொந்தப் படைப்பை வாசிக்க வேண்டும், கச்சேரியை அமைப்பே நடத்தும் என்பது ஏற்பாடு. 1966 ஜனவரியில் லண்டனில் டிரம்ஸ் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸுக்கு லிட்டில் தியேட்டர் கிளப் என்ற குட்டி நாடக அரங்கம் கிடைத்தது. நாடகம் முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகுதான் இவர்கள் முறை. சாக்ஸபோன் கலைஞர் இவான் பார்க்கரும் கிதார் கலைஞர் டெரெக் பெய்லியும் வளர்ந்த இடம் அது. அங்கே ஸ்டீவன்ஸ் ஒரு பாடத்தை விடாமல் சொல்லிக்கொடுத்தார்: பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது காதில் விழவில்லையென்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய் என்று பொருள். மூச்சு விடுவதும் காதில் விழுகிற சின்ன அறையில்தான் அந்தப் பாடம் பலித்தது. அப்படியோர் அறையைச் சொந்தமாகவே வாங்கிவிடும் துணிச்சல், மறுபடியும் ஆர்னெட் கோல்மனுக்கு வந்தது.

1968-இல் நியூயார்க்கின் பிரின்ஸ் தெரு 131-ஆம் எண் கட்டடத்தில் கோல்மன் இடம் வாங்கினார். மேலே குடியிருப்பு, கீழ்த்தளம் இசைக்கும் ஓவியத்துக்கும். 1970 பிப்ரவரி 14 அன்று அங்கே நடந்த கச்சேரி இசைத்தட்டாகவும் வந்தது. அதில் வந்திருந்தவர்களே கூடிப் பாடுகிறார்கள். கலைஞர் எங்கே முடிகிறார், ரசிகர் எங்கே தொடங்குகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே ஆண்டு சில தெருக்கள் தள்ளி, 24, பாண்ட் தெருவில், சாக்ஸபோன் கலைஞர் சாம் ரிவர்ஸும் மனைவி பீட்ரிஸும் தங்கள் இடத்தைக் கச்சேரிக்குத் திறந்துவிட்டார்கள். கட்டடத்தின் உரிமையாளர் வர்ஜீனியா அட்மிரல், ஓவியர். நடிகர் ராபர்ட் டி நீரோவின் தாய். ஓவியரான வீட்டுக்காரர் அமைந்தது இசைக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஸ்டுடியோ ரிவ்பீ என்று பெயர் சூட்டிய அந்த இடம் ஊரறியக் காரணமானதோ, இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் நடந்த ஒரு கலவரம்.

1971 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டிக்கெட் வாங்காத கூட்டம் வேலியைச் சாய்த்து உள்ளே பாய்ந்தது. விழா பாதியில் நின்றது. அமைப்பாளர் ஜார்ஜ் வெயின் மறு ஆண்டு விழாவையே நியூயார்க்குக்குக் கொண்டுவந்து கார்னகி ஹால் போன்ற பெரிய அரங்குகளில் நடத்தினார். உலகப் புகழ்பெற்ற விழா சொந்த ஊருக்கே வந்தும் உள்ளூர்ப் புதிய இசைக்காரர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. அதே நாட்களில் ரிவ்பீ, ஸ்டுடியோ வீ ஆகிய மாடிகளிலும் பூங்காக்களிலும் போட்டி விழா நடத்தினார்கள். நகரமும் பத்திரிகைகளும் திரும்பிப் பார்த்தன. அடுத்த ஆண்டு வெயின் அவர்களையும் அழைத்துக்கொண்டார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், 1973 ஆகஸ்டில், ஒரு கட்டடம் சரிந்தது.

அது பிராட்வே சென்ட்ரல் ஹோட்டல். உயிர்ச்சேதத்தோடு முடிந்த விபத்து. அந்தக் கட்டடத்தின் கலை மையத்தில் பழைய சமையலறை ஒன்றை 1971-இல் வீடியோ கலைஞர்களான ஸ்டெய்னா, வூடி வசுல்கா தம்பதி சோதனை இசைக்கும் வீடியோவுக்கும் அரங்கமாக்கியிருந்தார்கள். சமையலறை என்பதால் ‘தி கிச்சன்’ என்றே பெயர். கட்டடம் போனாலும் கிச்சன் போகவில்லை. சோஹோவில் ஒரு மாடியில் மறுபடி முளைத்தது. ரிவ்பீயும் ஓயவில்லை; 1976 மே மாதம் அங்கே பத்து நாட்கள் ஒலிப்பதிவுக் கருவிகள் ஓடின. பதிந்த இசை ‘வைல்டு ஃபிளவர்ஸ்’ என்ற பெயரில் ஐந்து இசைத்தட்டுகளாக வெளிவந்தது. மாடிக் கச்சேரியின் உச்சம் அதுதான். உச்சத்துக்குக் காரணமான கலைஞர்களே அறியாமல், இறக்கத்துக்கும் காரணமாகியிருந்தார்கள்.

அவர்கள் குடியேறியதால் அந்தத் தெருக்களுக்கு மதிப்பு வந்தது. ஓவியக் கூடங்கள் வந்தன, பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது. டிரம்ஸ் கலைஞர் ரஷீத் அலி கிரீன் தெருவில் நடத்திவந்த ‘அலிஸ் அல்லி’ 1979-இல் மூடியது. ரிவ்பீயும் அதே காலத்தில் முடிந்தது. ஆனால் கலைஞர்கள் அதற்குள் ஒரு வழிமுறையைக் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள். அதற்கு எந்தக் குறிப்பிட்ட கட்டடமும் தேவைப்படவில்லை.

2005-இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் சோர்ன், நியூயார்க்கில் முன்பு சீன உணவகமாக இருந்த ஒரு மூலைக் கடையில் ‘தி ஸ்டோன்’ தொடங்கினார். உணவு இல்லை, மது இல்லை; வாசலில் வசூலாகும் பணம் முழுவதும் வாசித்தவருக்கே. 2008-இல் லண்டனின் டால்ஸ்டன் பகுதியில் கஃபே ஓட்டோ திறந்தது. இன்று உலகின் எத்தனையோ நகரங்களில், நெருக்கிப் போட்ட நாற்காலிகள், தரைமட்டத்திலேயே நிற்கும் கலைஞர், எட்டினால் தொடும் தூரத்தில் ரசிகர், அன்று அங்கே பிறந்து அன்றே முடியும் இசை என்று நடக்கிற சின்ன அறைக் கச்சேரி, யாரோ ஒருவருடைய ரசனையில் தோன்றிய ஏற்பாடு இல்லை. பறிக்கப்பட்ட அட்டைகளும் சாத்தப்பட்ட கதவுகளும் காலியான தொழிற்கூடங்களும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. அது நிலைத்ததற்குக் காரணம் ஒன்றே: அறையின் சாவியும் வாசல் வசூலும் வாசிப்பவர் கைக்கு வந்தன.

கேபரே அட்டை 1967-இல் ஒழிந்தது. ஊதும், அடிக்கும் கருவிகளுக்கு இருந்த தடையை 1980-களில் நீதிமன்றம் நீக்கியது. எஞ்சியிருந்த கேபரே சட்டத்தை நியூயார்க் நகரம் 2017-இல் ரத்து செய்தது.