டேங்க்குக்குள் ஒரு நூற்றாண்டு

வீட்டுப் பின்பக்கம் சாக்கு போர்த்திக்கொண்டு தூங்கும் அப்பாவின் பழைய பைக்கை எழுப்பலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஆசை வருகிறது. பெட்ரோல் ஊற்றுகிறீர்கள். நாலு உதை. உறுமுகிறது! பத்து நாள் ஜோராக ஓடுகிறது. பதினோராவது நாள், தெருமுனை தாண்டுவதற்குள் இருமி நின்றுவிடுகிறது.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்க்கிறார். பழுப்புத் தூள். கூடவே வெங்காயச் சருகு மாதிரி சில செதில்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் விஷயம் புரிகிறது. என்றைக்கோ ஓட்டை விழுந்தபோது உள்ளே ஊற்றி உலர்த்திய பூச்சு, பாம்புச் சட்டையாக உரிந்து தொங்குகிறது.

“டேங்க் போச்சு சார். வேற மாத்திடுங்க.”

மாற்றுவதா, சரி பண்ணுவதா? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சு இப்போது ஏன் உரிகிறது? பதில் வேண்டுமென்றால் நூறு வருஷம் பின்னால் போகவேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்கு.

டேட்டன் நகரம். 1921, டிசம்பர் 9. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இன்ஜினீயர் ஒரு திரவத்தைச் சொட்டு விடுகிறார். அதுவரை ‘டக் டக்’கென்று தட்டிக்கொண்டிருந்த இன்ஜின் கப்சிப். அந்தத் திரவம், டெட்ரா எத்தில் லெட். அதாவது, ஈயம்.

ஆல்கஹால் கலந்தாலும் அந்தத் தட்டல் அடங்கும். மிட்ஜ்லிக்கே அது தெரியும். ஆனால், ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயக் கலவைக்கோ காப்புரிமை வாங்கலாம். லாப நஷ்டக் கணக்கு போட்டால் யார் ஜெயிப்பார்? ஈயம் ஜெயித்தது.

1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அந்தத் திரவம் தயாரித்த ஐந்து தொழிலாளிகள் செத்துப்போனார்கள். பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து, அதைத் தன் கையில் ஊற்றிக் கழுவி, முகர்ந்தும் காட்டினார் மிட்ஜ்லி. ஒன்றும் ஆகாதாம்! அதற்கு முந்தைய வருஷம்தான் அவரே ஈய விஷத்துக்கு ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். கொஞ்ச காலம் நின்ற விற்பனை, 1926-ல் மறுபடி தொடங்கியது.

பெட்ரோலில் மட்டுமல்ல, டேங்க்கிலும் ஈயம் இருந்தது. வாகன டேங்க்குகள் பலவற்றை ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய இரும்புத் தகட்டில்தான் செய்தார்கள். துரு பிடிக்காமலிருக்க. அந்தப் பெட்ரோலுக்கு அந்தப் பூச்சு பொருத்தம். பல்லாண்டு கால தாம்பத்தியம்.

பிறகு விவாகரத்து. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்பது உறுதியாக, நாடு நாடாக அதை வெளியேற்றினார்கள். இந்தியாவில் 2000-ல் ஈயப் பெட்ரோல் முடிவுக்கு வந்தது. கடைசி நாடு அல்ஜீரியா, 2021-ல்.

காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர், அன்றைக்குத் தோற்றுப்போன அதே ஆல்கஹால்!

அதை முதலில் பெரிய அளவில் அழைத்துவந்தது பிரேசில். எண்ணெய் விலை எகிறியதும் 1975-ல் கரும்பு எத்தனால் திட்டம் போட்டார்கள். 1979-ல் முழுக்க எத்தனாலிலேயே ஓடும் ஃபியட் 147 கார் வந்தது. உடனே தெரிந்த பாடம்: எரிபொருளை மாற்றினால் டேங்க்கின் உள்பக்கத்தையும் மாற்றவேண்டும். ஈயம் கலந்த பூச்சை விட்டுவிட்டு வெள்ளீயப் பூச்சுக்குப் போனார்கள். கார்புரேட்டருக்கு நிக்கல் முலாம்.

காரணம் எளிது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். துரு அங்கேதான் ஆரம்பம். போதாததற்கு, பழைய பூச்சுகள் சிலவற்றின் பிசினையும் எத்தனால் இளக்கிவிடும். இங்கிலாந்தில் 1960-களின் பைக் பிரியர்கள் ஆசை ஆசையாக மாட்டிய ஃபைபர் கிளாஸ் டேங்க்குகள் இப்படித்தான் பிசுபிசுத்துப் போகின்றன. (1973-லேயே, புது வண்டிகளின் பெட்ரோல் டேங்க் உலோகத்தில்தான் இருக்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. அது தீ விபத்துக்குப் பயந்து.)

இந்தியாவில் 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவிகித எத்தனாலோடு கதை தொடங்கியது. 20 சதவிகிதத்துக்கு முதலில் வைத்த கெடு 2030. அதை 2025-க்கு முன்னால் இழுத்து, எட்டியும்விட்டார்கள். இறக்குமதிச் செலவு மிச்சம், கரும்பு விவசாயிக்கு வருமானம். எல்லாம் சரி. 2023 ஏப்ரலிலிருந்து தயாரான புது வண்டிகளை அதற்கேற்ற பொருள்களால் செய்யச் சொன்னார்கள். அப்பாவின் பைக்குக்கு யார் சொல்வது? அந்தச் செலவு மட்டும் உங்கள் கணக்கில்.

எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதும் நியாயமில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். பூசுகிற நேரம் கொஞ்சம், தேய்க்கிற நேரம்தான் அதிகம். டேங்க் விஷயத்தில் பலர் அந்தத் தேய்ப்பை மறந்துவிடுகிறார்கள். துருவின் மேலேயே, ஈரத்தின் மேலேயே பூச்சை ஊற்றினால் அது இரும்பில் ஒட்டாது. துருவில்தான் ஒட்டும். துரு உதிர்ந்தால் பூச்சும் உதிரும்.

ஆக, தீர்ப்பு இதுதான். தகடு கெட்டியாக இருந்து, பூச்சு மட்டும் உரிந்திருந்தால் டேங்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய பூச்சை ஒரு துணுக்கு விடாமல் கரைத்தெடுத்து, துருவை நீக்கி, எலும்பு காயும் அளவுக்கு உலர்த்தி, எத்தனால் தாங்கும் எபாக்ஸி பூச்சு போடச் சொல்லுங்கள். புதுப் பூச்சு வேண்டாம் என்றால், சுத்தமான வெறும் இரும்போடும் ஓட்டலாம். ஆனால், வண்டி அடிக்கடி ஓடவேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை வடித்து உலர்த்திவிடுங்கள்.

தையல் ஓரத்தில் தகடு அரித்து, விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? மாற்றிவிடுங்கள். பூச்சு என்பது தோல். எலும்பு இல்லாத இடத்தில் தோல் என்ன செய்யும்?

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘காலி டேங்க்தானே’ என்று யாரையும் நெருப்பு வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். திரவம் போனாலும் ஆவி உள்ளேதான் இருக்கும். வெடிப்பது அந்த ஆவிதான்.

பாத்திரத்தில் ஊற்றுவது மாறினால் பூச்சும் மாறவேண்டும். நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதி. புளிக்குழம்பை அவர்கள் ஈயம் போன பித்தளையில் வைத்ததே இல்லை.