பால்ட்டிமோர் சர்வகலாசாலையும் பெண்மக்களின் நிபந்தனையும்

அமெரிக்காவிலுள்ள பால்ட்டிமோர் என்னும் துறைமுக நகரில் மொத்த வியாபாரத்தாலும் ரயில்வேப் பங்குகளாலும் பெருஞ்செல்வம் திரட்டியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். மணம் புரியாத அவர் 1873-ல் காலஞ்சென்றபோது, 70 லட்சம் டாலரைத் தருமத்துக்கென உயிலில் எழுதிவைத்திருந்தார். அதிற் பாதி சர்வகலாசாலைக்கு. மறு பாதி மருத்துவமனைக்கு.

அவர் பெயர் தாங்கிய சர்வகலாசாலை 1876-ல் திறக்கப்பெற்றது. அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியர் சொல்ல மாணவர் ஒப்பிப்பதே பெரும்பாலும் கல்வியாயிருந்தது. ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் ஜெர்மனிக்குக் கப்பலேறினர். முதல் தலைவரான டேனியல் கில்மன் அந்த ஜெர்மானிய முறையைத் தம் நகருக்கே கொணர்ந்தார். கட்டடங்களில் பணத்தைக் கொட்டாது அறிஞர்களை நாடினார். தேர்ந்த மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கினார். ஆய்வுக்கூடத்தையும் விவாத வகுப்பையும் கல்வியின் நடுவிடமாக்கினார்.

கணிதப் பேராசிரியராக வந்தவர் ஸில்வெஸ்டர் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் 1837-ல் இரண்டாமிடம் பெற்றும், யூதராகையால் ஆங்கிலத் திருச்சபைக் கொள்கைகளுக்குக் கையொப்பமிட இணங்காமையின், அப்போது பட்டம் மறுக்கப்பட்டவர் அவர். அத்தகையவரைப் பால்ட்டிமோர் மதம் கேளாது வரவேற்றது மெச்சத்தக்கதே. ஆயினும் மதம் கேளாதவர்கள் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டார்கள்! 1878-ல் கிரிஸ்டீன் லாட் என்னும் பெண்மணி கணிதம் பயில விண்ணப்பித்தார். அவருடைய கட்டுரைகளை முன்னரே அறிந்திருந்த ஸில்வெஸ்டர் வற்புறுத்தியதால் விதிவிலக்காக இடம் கிடைத்தது. தர்க்க சாஸ்திரத்தில் ஆராய்ச்சி எழுதி 1882-ல் படிப்பை முற்றும் முடித்தார். பெண்ணுக்குப் பட்டம் இல்லையென்றனர். அப்பட்டம் 1926-ல் அளிக்கப்பட்டபோது அம்மையாருக்கு வயது 78.

இனி மருத்துவத்தின் கதை. மருத்துவமனை 1889-ல் திறந்தது. வைத்திய கலாசாலையோ திறக்கவில்லை. சர்வகலாசாலையின் மூலதனம் பெரும்பாலும் பால்ட்டிமோர் - ஓகையோ ரயில்வேப் பங்குகளிலே முடங்கியிருந்தது. பங்காதாயம் வற்றவே வருவாயும் வற்றியது. கணக்கேட்டோடு காலங்கழிக்கும் கிராணிமார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ரப்பர் விலை இறங்கினால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை ஓட்டையும் அடைபடாதன்றோ?

அந்த நெருக்கடியில் மேரி காரட் முதலிய நான்கு பெண்மணிகள் நிதி திரட்ட முன்வந்தனர். நால்வரும் அத்தர்ம ஸ்தாபனத்தை நிர்வகித்த தர்மகர்த்தர்களின் புதல்வியர். அவருள் ஒருவரான கேரி தாமஸ், இதே சர்வகலாசாலையில் ஆடவரோடு வகுப்பில் அமர அனுமதி பெறாமையால் ஐரோப்பா சென்று, 1882-ல் ஸூரிக் நகரில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆடவர்க்குரிய அதே விதிகளின்படியே பெண்களும் சேர்க்கப்படல் வேண்டும் என்பது இவர்கள் விதித்த நிபந்தனை. 5 லட்சம் டாலர் சேர்ந்தாலன்றிக் கலாசாலையைத் திறப்பதற்கில்லை என்றனர் தர்மகர்த்தர்கள். குறைந்த 3 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை 1892-ன் இறுதியில் காரட் அம்மையார் தாமே ஈந்தார். சேருவோர் முன்னரே ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும், பிரெஞ்சும் ஜெர்மனும் அறிந்திருக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கினார். பட்டமின்றியே வைத்தியம் பயிலப் பல கலாசாலைகள் இடங்கொடுத்த காலம் அது. பெண்கள் வந்தால் கல்வித்தரம் தாழும் என்று அஞ்சியவர்களின் கலாசாலைக்குத் தரத்தை உயர்த்திக் கொடுத்தவர் ஒரு பெண்ணே.

1893-ல் முதல் வகுப்பிற் சேர்ந்தவர் 18 பேர். அவருள் மூவர் பெண்கள். அங்கு 1900-ல் பட்டம் பெற்ற பிளாரன்ஸ் ஸேபின் 1917-ல் அக்கலாசாலையின் முதற் பெண் பேராசிரியரானார். சர்வகலாசாலையின் இளங்கலை வகுப்புக்களோ 1970-ல்தான் பெண்களுக்குத் திறந்தன.