பாஸ்டல்: நீலச் சாயத்திலிருந்து வெளிர்நிறம் வரை

வெளிர்நிறங்களுக்கு இன்று பொதுப்பெயராக வழங்கும் ‘பாஸ்டல்’ என்னும் ஆங்கிலச் சொல், பிசைந்த மாவைக் குறித்த ‘பாஸ்டா’ என்ற பிற்கால இலத்தீன் சொல்லின் வழிவந்ததாகும். ஆயினும் அவ்வேரிலிருந்து தென்பிரான்சில் கிளைத்த சொல் முதலில் சுட்டியது ஆழ்ந்த நீலச் சாயத்தையே.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஐசாட்டிஸ் டிங்டோரியா என்னும் செடியின் இலையை ஆலையிலிட்டு அரைத்த விழுதின் பெயரே அங்கு அச்செடிக்கும் ஆகிவந்தது. தூலூஸ் வட்டார உழவர்கள் அவ்விழுதின் நீரை வடியவிட்டு, கையால் உருண்டை பிடித்து உலர்த்தினர். ‘கொக்காஞ்’ எனப்பட்ட அவ்வுருண்டைகளைப் பின்னர் உடைத்து, நீர் தெளித்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்தபோது கருங்குருணை போன்ற சாயச்சரக்கு கிடைத்தது. அச்சாயத்தொட்டியிலிருந்து எடுத்த துணி முதலில் மஞ்சள்பச்சையாக இருந்து, காற்றுப்பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள் இச்சரக்கு போர்தோ துறைமுகம் வழியாக ஆண்ட்வெர்ப்புக்கும் லண்டனுக்கும் சென்றது. இவ்வணிகத்தில் செல்வம் திரட்டிய பியர் தசேசா 1555இல் கட்டத் தொடங்கிய மாளிகை தூலூசில் இன்றும் நிற்கிறது. 1562இல் மூண்ட மதப்போர்களும், அதே நீலப்பொருளை மிகுதியாகத் தரும் இந்திய அவுரியின் வரவும் இத்தொழிலைச் சாய்த்தன. அவுரியைப் பயன்படுத்துவோருக்கு மரண தண்டனை என்று பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1609இல் பிறப்பித்த ஆணையாலும் அச்சரிவைத் தடுக்க இயலவில்லை.

வெளிர்மை என்னும் பொருள் இச்சாயத்திலிருந்து வந்ததன்று. ஓவியர் கைக்குச்சியிலிருந்து வந்தது. நிறப்பொடியைச் சிறிது பிசின்நீர் விட்டுப் பிசைந்து உருட்டிக் காயவைத்த குச்சியை இத்தாலியர் ‘பஸ்டெல்லோ’ என்றனர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த பெயர் இதுவே. குச்சியின் நிறங்களைத் தட்டில் கலக்க இயலாதாகையால், ஒவ்வொரு நிறத்திலும் வெண்சுண்ணப் பொடியை வெவ்வேறு அளவில் சேர்த்துப் பல சாயைகளை முன்கூட்டியே செய்துவைத்தனர். வெனிஸ் ஓவியர் ரோசால்பா கரியேரா 1720இல் பாரிசுக்குச் சென்றபின், பூவின் மேற்படிந்த தூள் போன்ற அம்மென்னிறம் கொண்ட உருவப்படங்கள் அங்கு பெரிதும் விரும்பப்பட்டன. எனினும், பொதுவாக வெளிர்நிறம் அனைத்தையும் ‘பாஸ்டல்’ என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழக்கிற்கு வந்தது. அந்நூற்றாண்டிலேயே அதே குச்சியால் எட்கர் தெகா தீட்டிய நடனமாதர் ஓவியங்களில் ஆரஞ்சும் நீலமும் ஒளிர்வதைக் காண்போர், வெளிர்மை அக்குச்சியின் இயல்பன்று என்பதை உணர்வர்.