அல்சாஸ் வைன் பாதை

அல்சாஸ் வைன் பாதை என்பது பிரான்சின் கிழக்கெல்லையில், வோஜ் மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி வடக்குத் தெற்காகச் செல்லும் ஏறத்தாழ 170 கி.மீ. நீளமான சுற்றுலாச் சாலையாகும். வடக்கே மார்லென்ஹைமில் தொடங்கி, தெற்கே 'தான்' என்னும் சிறுநகரில் முடிகிறது. இப்பகுதியில் உற்பத்தியாகும் வைனில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளை வைன் ஆகும். ஸ்திராஸ்பூர்க், கொல்மார் ஆகிய நகரங்களிலிருந்து வழிகாட்டியுடன் ஒருநாட் பயணமாகச் சென்று, ஊர்களிலுள்ள நிலவறைகளில் வைனைச் சுவைத்துத் திரும்புவது இங்கு வழக்கம்.

நிலமும் திராட்சையும்

மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களை வோஜ் மலைகள் தடுத்துவிடுகின்றன. இதனால் மலையின் மறைவில் அமைந்த கொல்மார், பிரான்சின் மழை குறைந்த நகரங்களுள் ஒன்றாக உள்ளது. வறண்ட இலையுதிர்காலத்தில் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது. ரீஸ்லிங், கெவுர்ஸ்திராமினெர், பினோ கிரி, முஸ்கா, சில்வானெர், பினோ பிளான் ஆகியவை முக்கிய வெள்ளை வைன் வகைகள். சிவப்பு வைனுக்குப் பினோ நுவார் பயன்படுகிறது.

பிரான்சின் பிற பகுதிகளில் வைன் பொதுவாக விளைந்த ஊரின் பெயரால் அறியப்படும். அல்சாசிலோ புட்டியின் மேல் திராட்சையின் பெயரே முதன்மையாக இருக்கும். அப்பெயர்களுள் சில செருமன் மொழிக்குரியவை. பச்சை நிறமான, ஒடுங்கிய நெடும்புட்டியும் ரைன் ஆற்றங்கரை நாடுகளின் மரபே.

வரலாறு

1871இல் பிரான்சு போரில் தோற்றபோது அல்சாஸ் செருமனியின் வசமானது. 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் மீண்டும் செருமனியுடன் இணைக்கப்பட்டு, பிரெஞ்சு மொழி தடை செய்யப்பட்டது. 1942 ஆகத்து முதல் ஏறத்தாழ ஒரு இலட்சம் அல்சாஸ் இளைஞர்கள் செருமன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். ஒரே தோட்டத்தை வைத்திருந்த குடும்பம், 75 ஆண்டுகளுக்குள் நான்கு முறை நாடு மாறியது.

அல்சாஸ் வைனுக்கான விதிகள் 1945 நவம்பரில் வகுக்கப்பட்டன. வைன் பாதை 1953 மே 30 அன்று திறக்கப்பட்டது. அன்று பாதையின் இரு முனைகளிலிருந்தும் மகிழுந்து அணிகள் புறப்பட்டன. 1962இல் 'அல்சாஸ்' என்பது சட்டப் பாதுகாப்புடைய வைன் பெயராயிற்று. சிறந்த நிலங்களுக்கான 'கிராண் குரூ' தகுதி 1975இல் உருவானது. இன்று அத்தகைய நிலங்கள் 51 உள்ளன.

ஒருநாட் பயணம்

பயணிகள் பெரும்பாலும் சிற்றுந்தில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். இரத்தத்தில் ஒரு லீட்டருக்கு 0.5 கிராம் மதுசாரம் இருந்தாலே பிரான்சில் வண்டி ஓட்டுவது குற்றம் என்பதால், ஓட்டுநருடன் கூடிய பயணம் வசதியானது. ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று நிலவறைகளைப் பார்க்கலாம். அதற்கு மேல் சென்றால் நாக்கு சுவை பிரித்தறியாது.

சுவைத்தலுக்கு ஒரு வரிசை உண்டு. மெல்லிய சில்வானெர் அல்லது பினோ பிளான் முதலில் ஊற்றப்படும். பின்னர் புளிப்பு மிகுந்த ரீஸ்லிங், அதன்பின் பினோ கிரி. ரோசா, லிச்சிப் பழ மணம் கமழும் கெவுர்ஸ்திராமினெர் கடைசியில் வரும். அதை முதலில் அருந்தினால் மற்றவை வெறும் நீராகத் தோன்றும். கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாவில் உருட்டி, அருகிலுள்ள கலத்தில் உமிழ்ந்துவிடலாம். இது அவமதிப்பாகக் கருதப்படுவதில்லை. வைன் செய்வோரும் அவ்வாறே செய்கின்றனர்.

புட்டியைப் பார்த்து உள்ளிருப்பது இனிப்பா, இனிப்பற்றதா என்று அறிய முடியவில்லை என்பது வாங்குவோரின் நெடுநாட் குறையாக இருந்தது. 2021 அறுவடை முதல் இனிப்பின் அளவைக் குறிப்பிடுவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

பழைய ஊர்களும் புதிய ஊர்களும்

மரச்சட்ட வீடுகள் நிறைந்த ரிக்விர், வட்டவட்டமாகத் தெருக்கள் அமைந்த எகிஷெய்ம், அல்பர்ட் சுவைட்சர் 1875இல் பிறந்த கைசர்ஸ்பெர்க் ஆகியவற்றில் வண்டிகள் பெரும்பாலும் நிற்கும். இவற்றைக் கண்டவர்கள் இப்பகுதியைக் காலம் தீண்டவில்லை என எண்ணிவிடுவது எளிது. ஆனால் ரிக்விரிலிருந்து சில கி.மீ. தொலைவிலேயே வீடுகள் எல்லாம் புதியனவாக இருப்பதைக் காணலாம்.

1944 திசம்பர் முதல் 1945 பெப்ரவரி வரை கொல்மாரைச் சுற்றி நடந்த போரில் பென்விர், மிட்டெல்விர், சிகோல்ஸ்ஹைம், அம்மர்ஷ்விர் ஆகிய ஊர்கள் ஏறத்தாழ முற்றாக அழிந்தன. வீட்டோடு நிலவறையையும் பீப்பாய்களையும் இழந்தவர்கள் தனித்தனியே வைன் செய்ய இயலவில்லை. ஆதலால் பென்விரிலும் சிகோல்ஸ்ஹைமிலும் 1946இல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. மிட்டெல்விரில், செருமன் ஆட்சியின்போது நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரெஞ்சுக் கொடியின் நிறங்களில் ஊரார் பூச்செடி வளர்த்த மதிற்சுவர் போருக்குப் பின்னும் எஞ்சியது.

சிகோல்ஸ்ஹைமுக்கு மேலுள்ள குன்றில், திராட்சைத் தோட்டங்களின் நடுவே, பிரெஞ்சு முதலாம் படையைச் சேர்ந்த 1,500க்கு மேற்பட்ட வீரர்களின் கல்லறைகள் உள்ளன. அவர்களுள் வட ஆப்பிரிக்க முசுலிம்கள் பலர். வண்டியை நிறுத்தச் சொன்னால், அங்கிருந்து கொல்மார் சமவெளி முழுவதையும் காணலாம்.