மக்கும் நெகிழியின் மறுபிறவி

சுபாங் ஜெயாவுக்கு மாநகரத் தகுதி கிடைத்தது 2020ஆம் ஆண்டில். 1970களில் வீடமைப்புத் திட்டம் தொடங்கும் வரை அந்த மண்ணுக்குப் பெயர் சீபீல்டு தோட்டம். அங்கே தமிழர்கள் வெட்டிய ரப்பர் பால், மரம் தானே பின்னித் தரும் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு. மனிதன் ஆலையில் செய்யும் நெகிழியும் அதே போன்ற சங்கிலிதான். ஆக, உயிருள்ள ஒன்று நெகிழி செய்யும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிய செய்தியாக இருக்க முடியாது.

மரம் செய்வதைப் பாக்டீரியாவும் செய்கிறது என்பதை உலகம் அறிந்தது 1926இல். பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தின் மொரிஸ் லெமுவான், ஒருவகைப் பாக்டீரியாவின் உடலுக்குள் பி.எச்.பி. என்ற பொருள் மணிமணியாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார். தீனி மிதமிஞ்சிக் கிடைத்து, நைட்ரஜன் போன்ற சத்து குறையும்போது, நாம் கொழுப்பைச் சேர்ப்பதுபோல் அது நெகிழியைச் சேர்க்கிறது. சில இனங்களில் உலர்ந்த எடையில் 80 விழுக்காடு வரைகூட நெகிழியாகவே இருக்கும்!

இவ்வளவு அருமையான கண்டுபிடிப்பு அரை நூற்றாண்டு தூங்கியது. காரணம், பெட்ரோலிய எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகுதான் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. 1990இல் ஜெர்மனியின் வெல்லா நிறுவனம் இதில் செய்த ஷாம்பு புட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண நெகிழியைவிட விலை பல மடங்கு. பின்னர் உரிமையை வாங்கிய மொன்சாண்டோவும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் கைவிட்டது.

மலேசியாவுக்கு இதில் என்ன வேலை? பாக்டீரியாவுக்கு நல்ல தீனி எண்ணெய். செம்பனை எண்ணெய்க்கு இங்கே பஞ்சமில்லை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுதேஷ் குமார் பல ஆண்டுகளாக இதே ஆய்வில் இருக்கிறார். ஜப்பானிய அறிஞர்களுடன் சேர்ந்து 2000இல் அவர் எழுதிய ஆய்வுத் தொகுப்பு, இத்துறையில் உலகெங்கும் எடுத்தாளப்படும் ஒன்று. பாக்டீரியாவைக் கொன்று நெகிழியைப் பிரிக்க இரசாயனம் வேண்டும், செலவு அதிகம். அதற்கு அவர் குழு கண்ட வழி வேடிக்கையானது. காய்ந்த பாக்டீரியாவை எலிகளுக்கும் பின்னர் ஒருவகை வண்டின் புழுக்களுக்கும் தீனியாகக் கொடுத்தார்கள். புரதம் செரித்துவிட்டது. செரிக்காத நெகிழி மணிகள் கழிவோடு வெளியே வந்தன. கழுவி எடுத்துக்கொண்டார்கள்.

ஷா ஆலமில் சிரிம் நிறுவனத்தின் முன்னோடி ஆலை 2011இல் தொடங்கியது. ஆனால் 2019இல் ஆண்டுக்கு 5,000 டன் அளவுக்கு விரிவாக்கப்பட்ட ஆலை ஜப்பானில், கனேகா நிறுவனத்தில். ரப்பர் பாலை ஏற்றுமதி செய்துவிட்டு டயரை இறக்குமதி செய்த பழைய கதை எண்ணெயிலும் தொடர்வது வருத்தத்திற்குரியது.

இனி, பயன்படுத்திய பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம். சிலாங்கூரில் 2010இல் சனிக்கிழமைகளில் நெகிழிப் பை இல்லை என்றார்கள். 2017 முதல் பைக்கு 20 சென். அதே ஆண்டில் கோலாலம்பூரில் மக்கும் பை கட்டாயமானது. மக்கும் என்றதும் வீசிவிடலாம் என்று பலர் எண்ணிவிட்டார்கள். அங்கேதான் தவறு. காற்றுப் புகாத குப்பை மேட்டுக்குள் மக்கினால் மீத்தேன் வாயு எழும். சுபாங் ஜெயாவுக்கு அருகில், 2006இல் மூடப்பட்ட பூச்சோங் ஆயர் ஹீத்தாம் குப்பை நிலத்தில் அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுத்தார்கள். எல்லா மேட்டிலும் அப்படிப் பிடிப்பதில்லை. சோள மாவிலிருந்து வரும் பி.எல்.ஏ. நெகிழியோ, வெப்பமான உர ஆலை இல்லாவிட்டால் எளிதில் மக்குவதே இல்லை.

உருக்கி மறுபடி வார்க்கலாமே என்றால், பி.எச்.பி. சுமார் 175 பாகை வெப்பத்தில் உருகும். அதற்குச் சற்று மேலேயே சிதையத் தொடங்கும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் வலு குறையும்.

எனவேதான் விஞ்ஞானிகள் சிதைவையே பயனாக்கினார்கள். இன்னும் சூடாக்கினால் பி.எச்.பி. குரோட்டோனிக் அமிலமாக உடைகிறது. பி.எல்.ஏ.வை வெந்நீராலும் காரத்தாலும் உடைத்தால் லாக்டிக் அமிலம், தயிரின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். இரண்டையும் தின்று சில பாக்டீரியாக்கள் புதிய நெகிழியைச் சேர்க்கின்றன. இவ்வாறு பிறப்பது உருக்கி நைந்த பழைய சங்கிலி அல்ல, முழு வலுவுள்ள புதுச் சங்கிலி. பெட்ரோலிய நெகிழிக்கும் இது பொருந்தும். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் கெவின் ஓகானர் குழு, 2006இல் பாலிஸ்டைரினையும் 2008இல் தண்ணீர்ப் புட்டி வகையான பெட் நெகிழியையும் வெப்பத்தால் உடைத்து, பாக்டீரியாவுக்கு ஊட்டி, மக்கும் நெகிழியாக மாற்றிக் காட்டியது.

தடை இல்லாமல் இல்லை. சூடாக்க எரிசக்தி வேண்டும், அமிலத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும், அதற்குமுன் குப்பையைப் பிரிக்க வேண்டும். பி.எல்.ஏ. புட்டியும் பெட் புட்டியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கலந்துவிட்டால் இரண்டும் கெடும். 2015 செப்டம்பரில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் விதி கோலாலம்பூரில் நடப்புக்கு வந்தபோது, அந்தச் சட்டத்தில் சிலாங்கூர் சேரவில்லை. சுபாங் ஜெயாவில் அது இல்லத்தரசியின் விருப்பத்திற்கு விடப்பட்டது.